படகுக்குப் பலகை வெட்டுமுன்: விரலோடு மூச்சையும் காப்போம்

வீட்டிலேயே சிறிய மரப்படகு ஒன்றைக் கட்டி, கோடை காலத்தில் ஏரியிலோ ஆற்றிலோ விட்டு மகிழ்வது பிரித்தானியாவில் நீண்டகாலமாக இருந்துவரும் பொழுதுபோக்காகும். 1962ஆம் ஆண்டு, தொலைக்காட்சியில் வீட்டு வேலைகளைச் செய்துகாட்டிப் புகழ்பெற்ற பாரி பக்னெல் என்பவரும் படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும் இணைந்து, டெய்லி மிரர் பத்திரிகையின் ஆதரவில் 'மிரர்' என்னும் சிறிய பாய்ப்படகை வடிவமைத்தார்கள். பிளைவூட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, பொருத்துகளைக் கண்ணாடியிழை நாடாவினாலும் பிசினாலும் ஒட்டிவிட்டால் படகு தயார். 3.3 மீற்றர் நீளமான இந்தப் படகு இன்றுவரை 70,000க்கும் மேல் கட்டப்பட்டுள்ளது. தச்சுத்தொழில் கற்காத சாதாரண குடும்பங்களே இவற்றில் பெரும்பாலானவற்றைக் கட்டின.

ஓய்வு பெற்ற ஒருவர் தன் மகனோடோ பேத்தியோடோ சேர்ந்து இப்படியொரு வேலையில் இறங்குவது மிக நல்ல விடயம். உடலுக்கு அசைவும் மனதுக்கு உற்சாகமும் கிடைக்கின்றன. தொலைக்காட்சிக்கு முன்னால் கழியும் மாலைப்பொழுதுகள் குறைகின்றன. ஆகவே இந்தக் கட்டுரையின் நோக்கம் யாரையும் பயமுறுத்துவதல்ல.

ஆனால் படகு கட்டும் வேலையில் ஒரு கட்டம் மட்டும் உடல்நலத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. அதுதான் பலகை வெட்டும் கட்டம். மாதக்கணக்கில் நீளும் வேலையில் இதற்குச் செலவாவது ஓரிரண்டு நாட்களே. எனினும் விரலுக்கும் கண்ணுக்கும் காதுக்கும் முதுகுக்கும் வரக்கூடிய ஆபத்துகளில் பெரும்பகுதி அந்த நாட்களில்தான் இருக்கிறது. வாளின் பல்லைக் கண்டு எல்லோரும் பயப்படுகிறோம். அந்தப் பல்லிலிருந்து பறக்கும் தூசுக்குப் பயப்படுபவர்கள் மிகக் குறைவு. முதலில் அதைப் பார்ப்போம்.

எதை வெட்டுகிறோம்?

பிளைவூட் என்பது மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, இழைகள் குறுக்கும் நெடுக்குமாக அமையும்படி பசையிட்டு அழுத்திச் செய்த பலகை. படகுக்கு வாங்குவது 'மரைன் பிளைவூட்' எனப்படும் வகை. இதற்கான பிரித்தானியத் தரக் குறியீடு பி.எஸ். 1088. இதன் பசை நீரில் கொதிக்க வைத்தாலும் விடாதது. மரம் பெரும்பாலும் மத்திய ஆபிரிக்காவின் கபோன் நாட்டுப் பகுதியில் வளரும் ஒகூமே ஆகும். இது கைக்கு மென்மையாக இருந்தாலும் வகைப்படுத்தலில் வன்மரத்தைச் சேர்ந்தது.

ஒரு முழுப் பலகையின் அளவு 2.44 மீற்றர் நீளம், 1.22 மீற்றர் அகலம். எம்மவர் வழக்கத்தில் சொன்னால் எட்டுக்கு நாலு அடி. 6 மி.மீ. தடிப்பான ஒகூமே பலகை ஏறத்தாழ 9 கிலோ நிறையுடையது. தூக்குவதற்குப் பாரமில்லை. ஆனால் அகலம் அதிகமென்பதால் பிடிப்பதற்குச் சிரமமானது.

பிளைவூட்டை வெட்டும்போது மரத்தூளோடு காய்ந்த பசையின் தூளும் சேர்ந்து பறக்கிறது. மலிவான உள்வீட்டுப் பலகைகளில் பயன்படும் யூரியா ஃபோர்மல்டிஹைட் பசை, கண்ணையும் தொண்டையையும் உறுத்தும் வாயுவைச் சிறிது சிறிதாக வெளிவிடும். மரைன் பிளைவூட்டில் உள்ள ஃபீனோலிக் பசை இந்த விடயத்தில் மிகவும் நல்லது. படகுக்கு மலிவுப் பலகை ஆகாது என்பதற்கு இது இன்னுமொரு காரணம்.

கண்ணுக்குத் தெரியாத தூசு

சிறிய கணக்கு ஒன்றைச் செய்து பார்ப்போம். ஒரு சிறு படகுக்கு 6 மி.மீ. பலகைகள் நான்கை வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். வளைவும் நேருமாக மொத்த வெட்டு 40 மீற்றர் வரும் என்று கொள்வோம். வாள் அலகு 1.5 மி.மீ. அகலத்துக்கு மரத்தைத் தின்றுகொண்டு போனால், 360 மில்லிலீற்றர் மரம் தூளாகிறது. நிறையில் ஏறத்தாழ 180 கிராம். இதில் பெரும்பகுதி பாரமான தூள் என்பதால் உடனே நிலத்தில் விழுந்துவிடும். மிக நுண்ணிய பகுதிதான் காற்றில் மிதக்கும்.

தொழிலிடங்களில் வன்மரத் தூசு ஒரு கன மீற்றர் காற்றில் சராசரியாக 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பிரித்தானியாவின் விதி. இது எட்டு மணிநேர வேலைக்கான சராசரி. வீட்டு வேலைக்கு இந்தச் சட்டம் பொருந்தாவிட்டாலும், எவ்வளவு தூசு கூடுதல் என்பதை அறிய நல்ல அளவுகோல். 5 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 2.4 மீற்றர் உயரம் உள்ள ஒரு கராஜில் 36 கன மீற்றர் காற்று இருக்கும். அந்த முழுக் காற்றும் இந்த எல்லையை எட்டுவதற்கு 108 மில்லிகிராம் நுண்தூசு போதும். அதாவது ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்கு! வெட்டிய 180 கிராம் தூளில் ஏறத்தாழ 1,700இல் ஒரு பங்கு மிதந்தாலே கராஜ் முழுவதும் எல்லையைத் தொட்டுவிடும். நிலத்தில் கிடக்கும் தூளைப் பார்த்து "பெரிதாக ஒன்றும் பறக்கவில்லை" என்று எண்ணுவது ஏன் தவறு என்பது இதிலிருந்து விளங்கும்.

இந்தத் தூசு உடலில் என்ன செய்கிறது? பெரிய துகள்கள் மூக்கில் தங்கித் தும்மல், மூக்கடைப்பு, நீர்வடிதல் ஆகியவற்றைத் தருகின்றன. சிறியவை சுவாசக்குழாய் வழியே உள்ளே இறங்கி இருமலையும் இழுப்பையும் தூண்டுகின்றன. ஏற்கெனவே ஆஸ்துமா, அதாவது தொய்வு உள்ளவர்களுக்கு அன்றிரவே மூச்சுமுட்டு வரலாம். ஆஸ்துமா இல்லாதவர்களுக்கும் மரத்தூசு அதைப் புதிதாக உண்டாக்க வல்லது. தச்சர்களுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு ஏனைய தொழிலாளர்களைவிட நான்கு மடங்கு அதிகம் என்று, பிரித்தானியாவில் தொழிலிடப் பாதுகாப்பை மேற்பார்க்கும் அரச அமைப்பான ஹெல்த் அண்ட் சேஃப்டி எக்சிகியூட்டிவ் எச்சரிக்கிறது.

இன்னொரு செய்தி எமக்கு அண்மையில் உள்ள ஊரிலிருந்தே வந்தது. லண்டனுக்கு வடமேற்கே உள்ள ஹை விக்கம் கதிரைகள் செய்வதற்குப் பெயர்போன நகரம். அங்கு பணியாற்றிய காது, மூக்கு, தொண்டை சத்திரசிகிச்சை நிபுணர் எஸ்மே ஹாட்ஃபீல்ட், மூக்கினுள் வரும் அரிதான ஒருவகைப் புற்றுநோய் தளபாடத் தொழிலாளர்களிடம் வழமைக்கு மாறாக அதிகம் காணப்படுவதைக் கவனித்தார். 1960களில் அவரும் சக வைத்தியர்களும் செய்த ஆய்வுகள், இதற்கும் மரத்தூசுக்கும் உள்ள தொடர்பை உலகுக்குக் காட்டின. 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மரத்தூசை, மனிதரில் புற்றுநோயை ஏற்படுத்தும் பொருட்களின் முதலாம் பிரிவில் சேர்த்தது.

ஒரு படகு கட்டினால் புற்றுநோய் வந்துவிடும் என்று இதற்குப் பொருளல்ல. அந்தத் தொழிலாளர்கள் நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் தூசுக்குள் நின்றவர்கள். ஆனால் எமது சமூகத்திலும் சமையலறை பொருத்துதல், கடை அலங்காரம், தளபாட வேலை என்று நாள்தோறும் பலகை வெட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பகுதி முழுமையாகவே பொருந்தும்.

அன்றைய கடற்கரையும் இன்றைய கராஜும்

"எங்கள் ஊரில் வள்ளம் கட்டியவர்கள் மாஸ்க் போட்டா கட்டினார்கள்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்ததை நாம் பெருமையோடு பேசுகிறோம். அத்தகைய கப்பல்கள் கடற்கரை வெளியில், காற்று வீசும் இடத்தில், கைவாளாலும் வாய்ச்சியாலும் உளியாலும் உருவானவை. கைவாள் தருவது பருக்கைத் தூள், வாய்ச்சி தருவது செதுக்கல். இரண்டும் காலடியில் விழும். நுண்தூசு எழுந்தாலும் கடற்காற்று அள்ளிக்கொண்டு போய்விடும்.

இன்று நாம் செய்வதோ வேறு. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழலும் அல்லது குத்தும் மின்வாளை, குளிருக்குப் பயந்து கதவைச் சாத்திய கராஜுக்குள் இயக்குகிறோம். கராஜ் வீட்டோடு ஒட்டியிருந்தால் கதவிடுக்கு வழியே தூசு சமையலறைக்கும் படுக்கையறைக்கும் போகிறது. வேலை செய்தவர் உடுப்பு மாற்றாமல் பேரப்பிள்ளையைத் தூக்கினால் அந்தக் குழந்தையும் அதைச் சுவாசிக்கிறது. மரம் பழைய மரம்தான். மாறியது கருவியும் இடமும்.

தூசைக் குறைக்கும் வழிகள்

முதலாவது வழி, திறந்த வெளி. மழையில்லாத ஒரு நாளைத் தெரிவு செய்து, பின்வளவில் பலகையை வெட்டுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமாகவோ பக்கவாட்டாகவோ வீசும்படி நில்லுங்கள். அயலவரின் யன்னலும், உலரும் உடுப்புகளும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதையும் பாருங்கள்.

இரண்டாவது, கருவித் தெரிவு. 4 அல்லது 6 மி.மீ. பலகைக்கு எப்போதும் மின்வாள் தேவை என்றில்லை. கூரிய சிறுபல் கைவாளால் நேர்வெட்டுகளையும் மெதுவான வளைவுகளையும் வெட்டலாம். கோட்டிலிருந்து 2 மி.மீ. வெளியே வெட்டிவிட்டு, மிச்சத்தைச் சீவுளியால் கோடு வரை சீவுங்கள். சீவுளி சுருள் சுருளாகச் சீவலைத் தருமேயன்றித் தூசைத் தராது. அதே வேலையை மின்சாரத் தேய்ப்பானால் செய்தால், படகு கட்டும் வேலையிலேயே மிக நுண்ணிய தூசு அப்போதுதான் எழும்.

மூன்றாவது, உறிஞ்சுதல். மின்வாள்களில் பெரும்பாலானவற்றின் பின்புறத்தில் தூசுக்குழாய் பொருத்தும் துளை உண்டு. அதில் 'எம் வகுப்பு' எனக் குறிக்கப்பட்ட தூசு உறிஞ்சியைப் பொருத்துங்கள். கருவி வாடகைக்குக் கொடுக்கும் கடைகளில் இதை ஒரு நாளுக்கு எடுக்கலாம். சாதாரண வீட்டு வக்கூம் கிளீனரின் வடிகட்டி இதற்காகச் செய்யப்பட்டதல்ல. அது நுண்தூசை ஒருபக்கம் இழுத்து மறுபக்கம் ஊதிவிடக்கூடும்.

நான்காவது, முகக்கவசம். மரத்தூசுக்கு ஏற்றது 'எஃப்.எஃப்.பி.3' என்று பொறிக்கப்பட்ட மாஸ்க். 2020இல் தொடங்கிய கொரோனாக் காலத்தில் வாங்கி மிஞ்சிய நீலநிறத் துணி போன்ற மாஸ்க்குகள் முகத்தோடு இறுக்கமாகப் பொருந்துவதில்லை. பக்க இடைவெளியால் தூசு உள்ளே போய்விடும். எஃப்.எஃப்.பி.3 போட்டாலும் தாடி இருந்தால் பயன் பெரிதும் குறைந்துவிடும். இரண்டு நாள் வளர்ந்த குறுந்தாடியும் இடைவெளி விடும். வெட்டும் நாளில் காலையிலேயே சவரம் செய்துவிடுங்கள். தாடி வைத்திருப்பது உங்கள் வழக்கமானால், தலையை மூடும், வடிகட்டிய காற்றை உள்ளே ஊதும் வகைக் கவசம் பொருத்தமானது. மாஸ்க் கடைசி அரண் மட்டுமே. முதல் மூன்று வழிகளையும் விட்டுவிட்டு மாஸ்க்கை மட்டும் நம்ப வேண்டாம்.

வேலை முடிந்ததும் தும்புத்தடியால் கூட்டாதீர்கள். விழுந்த தூசு மீண்டும் எழும்பும். உறிஞ்சியால் எடுங்கள், அல்லது ஈரத் துணியால் துடையுங்கள். உடுப்பை வெளியே வைத்தே உறிஞ்சியால் சுத்தம் செய்து, தனியாகத் தோயுங்கள். தலை முழுகிய பின் சாப்பிட உட்காருங்கள்.

காதுக்கும் கணக்குண்டு

மரத்தை அறுக்கும் வட்டவாளின் ஒலி 100 டெசிபலை எட்டக்கூடியது. 85 டெசிபல் ஒலியில் எட்டு மணிநேரம் இருக்கலாம் என்று கொண்டால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 94 டெசிபலுக்கு ஒரு மணிநேரம். 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம் மட்டுமே. முன்னர் சொன்ன 40 மீற்றர் வெட்டை நிமிடத்துக்கு ஒரு மீற்றராக நகர்த்தினால் 40 நிமிடம் வாள் ஓடும். ஆகவே காதுக் கவசம் கட்டாயம் தேவை. பஞ்சை அடைத்துக்கொள்வது போதாது.

இரைச்சலால் இறந்த செவிக்கலங்கள் மீண்டும் வளர்வதில்லை. வேலை முடிந்த இரவில் காதுக்குள் 'கீ' என்று இரைந்தால், அது உங்கள் காது தரும் எச்சரிக்கை. படகின் இடது, வலது பக்கப் பலகைகள் ஒரே வடிவானவை என்பதால், இரண்டு பலகைகளை ஒன்றாக இறுக்கி ஒரே தடவையில் வெட்டலாம். இரு பக்கமும் அச்சொட்டாக அமையும். வாள் ஓடும் நேரமும் ஏறத்தாழப் பாதியாகும்.

விரலும் கண்ணும்

வளைவு வெட்ட உதவும் ஜிக்சோ பார்ப்பதற்குச் சாதுவானது. ஆனால் அதன் அலகு பலகைக்குக் கீழேயும் நீண்டு குத்துகிறது. பலகை ஆடுகிறதே என்று மறுகையால் கீழே தாங்குவதுதான் விரல் போவதற்குரிய வழி. பலகையைக் கையால் தாங்காதீர்கள். கிளாம்ப் போட்டு இறுக்குங்கள்.

வட்டவாளில் வரும் ஆபத்து வேறு. வெட்டிய இடைவெளி மூடிக்கொண்டு அலகைக் கவ்வினால், வாள் ஒரு நொடியில் உங்களை நோக்கித் திருப்பி எறியப்படும். இதைத் தவிர்க்கப் பலகையின் இரு பாதிகளுக்கும் முழுத் தாங்குதல் வேண்டும். படகு கட்டுபவர்கள் கையாளும் எளிய முறை ஒன்று உண்டு. சுவர்களுக்குள் வைக்கும் 50 மி.மீ. தடிப்பான நுரைப்பலகையை அடியில் முழுதாக விரித்து, அதன்மேல் பிளைவூட்டை வைத்து வெட்டுவது. அலகு பலகையைவிட 3 மி.மீ. அளவு மட்டும் கீழே நீளும்படி வாளின் ஆழத்தை அமைத்தால், அது நுரைப்பலகையை மேலோட்டமாகக் கீறிக்கொண்டு போகும். பலகை தொங்குவதுமில்லை, மடிவதுமில்லை. வாளின் காப்பு மூடியை எக்காரணம் கொண்டும் கட்டி வைக்காதீர்கள். அலகை மாற்றுமுன் மின்கம்பியைக் கழற்றுங்கள், அல்லது பற்றரியை வெளியே எடுங்கள். வெளியே மின்வாள் பாவிக்கும்போது, மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் 30 மில்லியம்பியர் காப்பு ஆளி வழியாகவே மின்சாரத்தை எடுங்கள்.

மோதிரம், காப்பு, கழுத்துச் சங்கிலி, கோயிலில் கட்டிய நூல் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிட்டு வாளைத் தொடுங்கள். கழற்ற முடியாத நூலைச் சட்டைக் கைக்குள் ஒட்டுநாடாவால் ஒட்டி மறையுங்கள். சால்வை, மப்ளர், நீளமான தளர்ந்த கைகள் வேண்டாம். பலகை தூக்கும்போது கையுறை நல்லது. ஆனால் சுழலும் அலகுக்குக் கிட்ட அது ஆபத்தானது, கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

பார்வைக் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. பக்கங்களையும் மூடும் கண்ணாடியை அதன்மேல் அணியுங்கள். கண்ணுக்குள் தூள் போனால் கசக்காதீர்கள். சுத்தமான நீரைத் தொடர்ந்து விட்டுக் கழுவுங்கள். வேகமாகத் தெறித்த துண்டு கண்ணைத் தாக்கியிருந்தால், வலி குறைந்துவிட்டாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

முதுகும் முழங்காலும்

எட்டுக்கு நாலு அடிப் பலகை காற்றில் பாய் போலத் தள்ளும். அதை ஒருவர் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு படியிறங்குவது தோளுக்கும் இடுப்புக்கும் நல்லதல்ல. இருவர் முன்னும் பின்னுமாக, நிமிர்த்திய நிலையில் பிடித்துச் செல்லுங்கள்.

பலரும் செய்வது, பலகையை நிலத்தில் போட்டுத் தவழ்ந்து தவழ்ந்து வெட்டுவது. ஐம்பதைக் கடந்த முழங்கால்கள் இதற்கு மறுநாள் பதில் சொல்லும். நெடுநேரம் குனிந்திருந்து சடுதியாக எழும்பினால் தலைசுற்றும். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு இது இன்னும் கூடுதல். கையில் வாளோடு தலைசுற்றுவது எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு மரக்குதிரைகள் வாங்கி, மேலே நான்கு சட்டங்களைக் கிடத்தி, அதன்மேல் நுரைப்பலகையை விரித்து இடுப்பளவு உயரத்தில் வெட்டுமேடை அமையுங்கள். அரைநாள் வேலைதான். படகு முடியும்வரை உதவும்.

மருந்து எடுப்பவர்கள் கவனத்துக்கு

எமது சமூகத்தில் நீரிழிவு அதிகம் என்பது எல்லோரும் அறிந்ததே. இன்சுலின் போடுபவர்களும், கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிவிட்டு வேலையில் மூழ்கினால் சீனி குறைந்து கை நடுங்கும், கவனம் சிதறும். சாப்பிட்ட பின் தொடங்குங்கள். குளுக்கோஸ் இனிப்பைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் செருப்போடு வேலை செய்யக் கூடாது. மூடிய, தடித்த சப்பாத்து அணிந்து, மாலையில் பாதங்களைச் சிராம்போ காயமோ உண்டா என்று பாருங்கள்.

வார்ஃபரின், அபிக்சபான் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்குச் சிறு வெட்டும் நெடுநேரம் இரத்தம் கசியும். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். மின்வாள் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அளத்தல், கோடு போடுதல், சீவுதல் ஆகியவற்றை நீங்கள் பொறுப்பெடுக்கலாம். கோடையில் மகரந்த ஒவ்வாமைக்காகக் குளோர்ஃபெனமைன் போன்ற தூக்கம் தரும் மாத்திரை எடுத்த நாளில் வாளைத் தொட வேண்டாம். மது அருந்திய பின் வேண்டவே வேண்டாம்.

பிள்ளைகளைச் சேர்ப்பது எப்படி?

படகு கட்டும் வேலையில் பிள்ளைகள் சேராவிட்டால் அதில் பாதிச் சுவை இல்லை. ஆனால் எஃப்.எஃப்.பி.3 மாஸ்க்குகள் பெரியவர்களின் முகத்துக்கு அளவெடுத்தவை. சிறுமுகங்களுக்குப் பொருந்தாது. ஆகவே வாள் ஓடும்போது பிள்ளைகள் அந்த இடத்தில் நிற்கக் கூடாது. அதற்குப் பதிலாக, முதல் நாள் முழுவதும் அளந்து கோடு போடும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். ஆணிகளை வரிசையாக அடித்து, வளையும் மெல்லிய சட்டத்தை அவற்றோடு சாய்த்துப் படகின் வளைவை வரைவதைப் பார்த்தால், கணிதம் கசக்கும் பிள்ளைக்கும் அது இனிக்கும். வெட்டி முடித்துத் தூசும் துடைத்த பின், செம்புக் கம்பியால் தைக்கும் வேலைக்கு அவர்களின் சிறிய விரல்கள்தான் மிக வசதியானவை.

இது பிள்ளைகளுக்காக மட்டும் சொல்வதல்ல. அளப்பதையும் வெட்டுவதையும் கலந்து செய்தால் வாள் நாள் முழுவதும் விட்டு விட்டு ஓடும். மாஸ்க்கைக் கழற்றுவதும் போடுவதுமாக இருப்போம், பின் போட மறப்போம். எல்லாவற்றையும் முதலில் குறித்து, இரண்டு தடவை சரிபார்த்து, பிறகு ஒரே மூச்சில் வெட்டினால் ஆபத்து நேரம் ஒரு மணித்தியாலத்துக்குள் அடங்கும். அந்த நேரம் முழுவதும் கவசங்களைக் கழற்றாமல் இருப்பது எவராலும் முடியும்.

வெட்டவே வேண்டாம் என்று விரும்புபவர்களுக்கும் வழியுண்டு. அந்நாளைய மிரர் படகே வெட்டிய பலகைகளாகப் பெட்டியில் வந்ததுதான். இன்று கணினி இயக்கும் இயந்திரத்தால் துல்லியமாக வெட்டிய படகுப் பலகைகளை வாங்கலாம். செலவு கூடுதல். ஆனால் ஆஸ்துமா உள்ள வீட்டில் அந்தச் செலவு வீண் செலவல்ல.

ஒட்டும் பிசினைப் பற்றி ஒரு சொல். வெட்டிய பலகைகளை ஒட்டும் எபொக்சி பிசின் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். அது ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுவதும் தொடரும். நைட்ரைல் கையுறை அணியுங்கள். முழுதாக இறுகாத பிசினைத் தேய்க்காதீர்கள்.

விபத்து நேர்ந்தால்

ஆழமான வெட்டென்றால் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். காயத்துக்குள் குத்தி நிற்கும் மரத்துண்டை இழுக்காதீர்கள், அதன் இரு பக்கமும் அழுத்துங்கள். இரத்தம் நிற்காவிட்டால் 999 அழையுங்கள். விரல் துண்டிக்கப்பட்டால், அந்தத் துண்டைக் கழுவாமல் சுத்தமான பிளாஸ்ரிக் பையில் இட்டு, பையைத் துணியால் சுற்றி, அதன் பின் ஐஸ் உள்ள பாத்திரத்தில் வையுங்கள். துண்டு நேரடியாக ஐஸில் படக்கூடாது. நேரத்தைக் குறித்து, காயமடைந்தவரோடு சேர்த்தே அனுப்புங்கள். தனியாக வேலை செய்யாதீர்கள் என்று சொல்வதன் காரணம் இதுவே. வாள் ஓடும்போது கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும்.

சிறிய சிராம்பை, சுத்தம் செய்த சாவணத்தால் அது ஏறிய திசையிலேயே வெளியே இழுங்கள். அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கினால் வைத்தியரிடம் காட்டுங்கள். ஏற்பு ஊசி முழுமையாகப் போட்டோமா என்பது தெரியாதவர்கள் வேலை தொடங்குமுன் குடும்ப வைத்தியரின் நிலையத்தில் விசாரியுங்கள். ஊரில் சிறுவயதில் போட்ட ஊசிகளின் பதிவு இங்கு பலரிடம் இல்லை.

வைத்தியரைப் பார்க்க வேண்டிய அறிகுறிகள்

மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், வேலை செய்த நாட்களில் கூடி விடுமுறையில் குறையும் இழுப்பு, ஒரு பக்க மூக்கு மட்டும் விடாமல் அடைத்திருத்தல், மூக்கிலிருந்து அடிக்கடி இரத்தம் வருதல், மணம் தெரியாமல் போதல் ஆகியவற்றைத் தடிமன் என்று தள்ளி வைக்காதீர்கள். வைத்தியரிடம் போகும்போது, "நான் மரவேலை செய்கிறேன்" என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். கேட்டால் சொல்லலாம் என்று இருந்துவிட்டால், பத்து நிமிடச் சந்திப்பில் அந்தக் கேள்வி வராமலே போகலாம்.

நினைவில் வைத்திருக்க

1. முதல் நாள் அளந்து கோடு போடுங்கள். மறுநாள் ஒரே மூச்சில் வெட்டுங்கள்.
2. கராஜுக்குள் அல்ல, வெளியே வெட்டுங்கள்.
3. மெல்லிய பலகைக்குக் கைவாளும் சீவுளியும் போதும்.
4. எஃப்.எஃப்.பி.3 மாஸ்க், கண் கவசம், காதுக் கவசம் மூன்றும் வேண்டும். முகம் சவரம் செய்திருக்க வேண்டும்.
5. பலகைக்குக் கீழே கை போகக் கூடாது.
6. கூட்டாதீர்கள். உறிஞ்சுங்கள் அல்லது ஈரத்துணியால் துடையுங்கள்.
7. தனியாக வெட்டாதீர்கள்.

இத்தனையும் செய்ய ஆகும் மேலதிகச் செலவு, படகின் பாய்க்கும் துடுப்புக்கும் ஆகும் செலவைவிடக் குறைவுதான். இந்தக் கோடையில் படகு கட்ட எண்ணியிருக்கும் அன்பர்கள் பலகை வாங்கும் நாளிலேயே மாஸ்க்கையும் வாங்கிவிடுங்கள். படகு நன்றாக மிதக்கட்டும். அதில் ஏறுபவர்களும் நல்ல மூச்சோடும் பத்து விரலோடும் நீண்டநாள் துடுப்புப் போடட்டும்.